இடது, அளவு ஆறு

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு மார்பு. இடது பக்கத்துக்கு. அதை வாங்குவதற்குள் நான் பட்ட பாடு, இருந்ததை எடுத்தபோது பட்ட பாட்டைவிடப் பெரிது என்று சொன்னால் ஆஸ்பத்திரிக்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் நிஜம். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்தார்கள். உரக்கடை வாசலில் யார் கொடுத்தார்கள்?

உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஓர் ஊரில் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர் நான். பிள்ளைகள் டீச்சர் என்றுதான் கூப்பிடும். தை மாதம் கட்டி என்று சொல்லி இடது மார்பை எடுத்துவிட்டார்கள். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டதால் முடி கொட்டுகிற மருந்தெல்லாம் வேண்டியிருக்கவில்லை, மாத்திரையோடு போயிற்று. விஷயம் வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, வீட்டுக்காரருக்கு, மகளுக்கு. ஊருக்கு நாங்கள் சொன்னது கர்ப்பப்பை ஆபரேஷன். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு சௌகரியம் உண்டு. தெருவுக்கு நாலு பேர் எடுத்திருக்கிறார்கள், அதனால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். சத்துமாவு டப்பாவும் நாலு ஆரஞ்சுப் பழமும் கொண்டுவந்து வைத்து, குடம் தூக்காதே என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

பொய் சொன்னதற்குக் காரணம் மகள். வாலாஜாபாத் பக்கம் ஒரு நல்ல இடம் கூடி வந்திருந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயம். 'ஆத்தாளுக்கு வந்தது பொண்ணுக்கும் வரும்னு எவனாச்சும் கெளப்பி வுடுவான், நிச்சயம் முடியற வரிக்கும் வாயத் தொறக்காத' என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அதில் பாதித் தப்பு என்னுடையது.

வாயை மூடலாம், ரவிக்கையை என்ன செய்வது? பழைய வேட்டித் துணியில் பஞ்சை வைத்துத் தைத்து, உள்ளே வைத்து ஊக்குக் குத்திக்கொண்டு போனேன். அது வெயிட்டே இல்லாத சனியன். கையைத் தூக்கினால் மேலே ஏறும். ஒருநாள் பரண் மேல் இருந்த புளி மூட்டையை எடுக்கக் கையை உயர்த்திவிட்டு இறக்குகிறேன், இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தட்டோடு நின்றுகொண்டு என்னையே பார்க்கிறாள்.

"டீச்சர், உங்க தோள்ல இன்னா எலியா கீது?" என்றாள்.

அன்றிலிருந்து எந்நேரமும் இடது கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருக்கத் தொடங்கினேன். ஒற்றைக் கையால் அரிசி அளந்து, ஒற்றைக் கையால் முட்டை எண்ணி, ஒற்றைக் கையால் ரெஜிஸ்டர் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் சமாளிக்கலாம். நிச்சயத்தன்று தாம்பூலத் தட்டை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். பட்டுப் புடவை, இறுக்கமான ரவிக்கை, எதிரே சம்பந்தி வீட்டுப் பெண்கள் பதினைந்து பேர், வீடியோக்காரர் வேறு. தட்டை வாங்கும்போது எலி ஏறினால் என் மகள் கதி என்ன என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் போயிற்று.

செக்கப்புக்குப் போன இடத்தில் நர்சம்மாதான் சொன்னார். சிலிக்கானில் செய்தது இருக்கிறதாம், நிஜத்துக்கு உள்ள வெயிட்டே இருக்குமாம், ஏறாது இறங்காது, தோளும் ஒரு பக்கம் சாயாது. அளவெடுத்து ஆறு என்று சீட்டில் எழுதியும் கொடுத்தார். காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய மருந்துக்கடையில் போய், ஆள் இல்லாத நேரம் பார்த்து மெல்லக் கேட்டேன். கடைக்காரர் உள்ளே இருந்தவரைப் பார்த்து, "சிலிக்கான் கீதா பாரு, குதிகாலுக்கு வக்கறது" என்று ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். அதற்குள் பின்னால் நாலு பேர் வந்துவிட்டார்கள். நான் ஆமாம் ஆமாம் என்று சொல்லி, இல்லாத குதிகால் வலிக்கு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த ஜோடி இப்போதும் பீரோவில் இருக்கிறது.

மகள் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். போனில் அவளிடம் புலம்பியதும், ரெண்டே நிமிஷம்மா, ஆன்லைன்ல போட்டுட்டேன், வீட்டு வாசலுக்கே வந்துடும் என்றாள். எந்த வாசல் என்று அவள் சொல்லவில்லை. ஊரை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆனதில் அவளுக்கு எங்கள் ஊர் நடைமுறை மறந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்குக் கதவு எண் உண்டு, தெருப் பெயர் உண்டு, பின்கோடு உண்டு. இருந்து என்ன பிரயோசனம்? பார்சல்காரர் கூட்டு ரோடு வரைதான் வருவார். அங்கிருந்து ஊருக்குள் வருகிற ஏரிக்கரைச் சாலையை மதகு வேலைக்கென்று பேர்த்துப் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. முதுகில் ஒரு ஆள் உயரப் பையை மாட்டிக்கொண்டு அந்தச் சேற்றில் வண்டி ஓட்ட அவருக்கென்ன தலையெழுத்தா? கூட்டு ரோட்டில் இருக்கிற உரக்கடையில் எல்லார் பார்சலையும் இறக்கிவிட்டுப் போய்விடுவார். கடைக்காரர் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன், நான் மாமா என்று கூப்பிடுவேன். யூரியா மூட்டை மேல் சேலை பார்சல், பொட்டாஷ் மூட்டை மேல் செருப்புப் பார்சல் என்று கடை முழுக்க அடுக்கியிருக்கும். ஒரு பைசா லாபம் கிடையாது அவருக்கு. திட்டிக்கொண்டே செய்வார்.

அந்த மனிதர் ஒரு சட்டம் வைத்திருந்தார். அதற்கும் காரணம் இருந்தது. மருந்து தெளிக்கிற பேட்டரி பம்புக்கு ஆர்டர் போட்ட ஒருவர், பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்தால் உள்ளே இரண்டு பாக்கெட் சோப்புத் தூள். நேரே திரும்பி வந்து, நீதான் மாற்றி வைத்தாய் என்று மாமாவின் சட்டையைப் பிடித்துவிட்டார். போலீஸ் வரைக்கும் போக இருந்தது. அதிலிருந்து, எந்தப் பெட்டியாக இருந்தாலும் கடை மேஜையில் வைத்து, நாலு பேர் முன்னால் பிரித்து, மாமா தன் போனில் வீடியோ எடுத்த பிறகுதான் வெளியே போக வேண்டும். உள்ளே கல் இருந்தாலும் மண் இருந்தாலும் தன் மேல் பழி வரக் கூடாது. நியாயம்தான்.

ஆனால் அந்த நாலு பேர் யார் என்று பார்க்க வேண்டும். கடை வாசல் பெஞ்சில் சாயங்காலம் நாலு மணிக்கு ஆஜராகிவிடுவார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்குத் தினம் அவல் வருகிறது, விடுவார்களா? பெட்டியைக் கையில் வாங்கிக் காதோரம் ஆட்டிப் பார்த்து உள்ளே என்ன என்று பந்தயம் கட்டுவார்கள். ஊரில் யார் எந்த நிறத்தில் நைட்டி போடுகிறார்கள், யாருக்கு இடுப்பு குறைக்கிற பெல்ட் வந்தது, எல்லாம் அங்கே வெளிச்சம். பழைய பஞ்சாயத்துத் தலைவருக்கு முடிக்கு அடிக்கிற மை வந்ததும் அங்கேதான் தெரிந்தது. இருபது வருஷம் அது தன் சொந்த நிறம் என்று சாதித்த மனிதர். அன்றைக்கு நான் யூரியா வாங்கப் போயிருந்தேன். எல்லாரோடும் சேர்ந்து நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். தலைவர் பாவம், மறுநாளே பெஞ்சில் இடம் பிடித்து மற்றவர்கள் பெட்டியைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

மகள் போட்ட ஆர்டர் மூன்றாம் நாளே வந்தது. வந்து என்ன? பொருளைக் கொடுக்க ஓடிபி சொல்ல வேண்டும். ஓடிபி மகள் போனுக்குப் போயிற்று. மகள் கம்பெனியில் ஷிஃப்டுக்குள் போகும்போது போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். பார்சல்காரர் ஒன்பது தடவை அடித்துப் பார்த்திருக்கிறார், போன் இருட்டில் கிடந்து ஒன்பது தடவை அடித்து ஓய்ந்தது. பெட்டி திரும்பிப் போய்விட்டது. சாயங்காலம் மகளுக்குச் செய்தி வந்திருக்கிறது, வாடிக்கையாளர் வாங்க மறுத்துவிட்டார் என்று. மறுத்தேனாம்! ஏழு மாதமாகப் பஞ்சை வைத்துக்கொண்டு மாரடிக்கிறவள் மறுத்தேனாம்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து என் போனிலேயே எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தாள். இந்தத் தடவை நானே ஆர்டர் போட்டேன். இடதா வலதா என்று கேட்டது. இடது என்று தொட்டேன். அளவு கேட்டது. ஆறு என்று தொட்டேன். எந்தக் கோயிலிலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன், நான் தொட்டது இடது. அப்புறம் பெட்டி எங்கே இருக்கிறது என்று போன் தினமும் காட்டத் தொடங்கியது. வடக்கே எங்கோ கிளம்பி, ஸ்ரீபெரும்புதூர் வந்து இரண்டு நாள் ஓய்வெடுத்து, காஞ்சிபுரம் போய், என்ன ஞாபகம் வந்ததோ மறுபடி ஸ்ரீபெரும்புதூருக்கே போயிற்று. கல்யாணமாகிப் போன பெண்கூட இப்படிப் பிறந்த வீட்டுக்கு ஓடாது. நிச்சயத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

கடைசியில் ஒரு புதன்கிழமை சாப்பாடு போடுகிற நேரத்தில் போன் வந்தது. ஓடிபியைச் சொல்லிவிட்டு, சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டு ரோட்டுக்கு நடந்தேன். பெஞ்சில் மூன்று பேர். தலைவர் நடுவில். மாமா பெட்டியை மேஜையில் வைத்து, கத்தியை எடுத்துவிட்டார். நான் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டேன். வீட்டில் பிரித்துக்கொள்கிறேன் என்றேன். சட்டம் சட்டம்தான் என்றார். உள்ளே வயிற்றுக்குக் கட்டுகிற பெல்ட், ஆபரேஷனுக்கு அப்புறம் கட்டச் சொன்னது என்று ஒரு பொய்யை எடுத்து விட்டேன். பெல்ட்டுதானே, நாங்கள் பார்க்காத பெல்ட்டா என்றார் தலைவர். மாமா போனை உயர்த்தி வீடியோவை ஆரம்பித்தே விட்டார்.

"மாமா, கல்லே இருந்தாலும் நான் வந்து கேக்க மாட்டேன். என் பொருளு, நான் எடுத்துக்கினு போறேன்" என்று சொல்லிப் பெட்டியைப் பிடுங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். பின்னாலிருந்து அவர் கத்தினார், நாளைக்கு மாறிப்போச்சு என்று இந்தப் பக்கம் வந்து நிற்கக் கூடாது என்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை. சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது, அதையும் விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக் கதவைத் தாழ் போட்டுப் பிரித்தேன். அழகாகத்தான் இருந்தது. கையில் எடுத்ததும் அந்த வெயிட்டுக்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய பேரிக்காய் மாதிரி, ஒரு முனை கூராக. அந்த முனை அக்குள் பக்கம் வர வேண்டும் என்று படம் போட்டிருந்தார்கள். வைத்துப் பார்த்தேன். முனை நெஞ்சு நடுவுக்கு வந்தது. மாற்றி மாற்றி வைத்தேன். கண்ணாடியில் வலது பக்கம் ஒழுங்காக இருக்க, இடது பக்கம் தலையைத் திருப்பி வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்தது. பெட்டி அடியில் பார்த்தால் வலது என்று எழுதியிருக்கிறது. வலது! எனக்கு இருக்கிற ஒரே பக்கத்துக்கு இன்னொன்றை அனுப்பியிருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் வந்து கையில் வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "தலகீயா திருப்பி வெச்சிப் பாத்தியா?" என்றார். டிராக்டர் உதிரி பாகம் மாறி வந்தால் சொல்கிற யோசனை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

திருப்பி அனுப்பலாம் என்று போனில் பார்த்தால், ஏன் பிடிக்கவில்லை என்று கேட்கிறது. நிறம் பிடிக்கவில்லையா, துணி தரம் சரியில்லையா, மனம் மாறிவிட்டதா. எதைத் தொட்டாலும், உடம்பில் அணிகிற பொருள், திரும்ப எடுப்பதற்கில்லை என்று வந்து நின்றது. ஒரு நம்பரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டேன். முதலில் பாட்டு, அப்புறம் ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து, மறுபடி பாட்டு. கடைசியில் ஒரு பெண் வந்தாள். பேக்கிங் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா மேடம் என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், யார் என்ன என்று தெரியாத அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மார்பை எடுத்தது, பஞ்சு, எலி, மகள் நிச்சயம், உரக்கடை, பெஞ்சு. ஏழு மாதத்தில் வெளியாள் ஒருவரிடம் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண் என்னைக் கடைசி வரை பேச விட்டாள். பிறகு லைனில் இருங்கள் என்று சொல்லிப் போய், வந்து, மேலிடத்தில் கேட்டு எக்ஸ்சேஞ்ச் போட்டுவிட்டேன் என்றாள். ஒரு நிபந்தனை. எங்கள் ஆள் பழைய பொருளைப் பிரித்துச் சரிபார்த்து, போட்டோ எடுத்த பிறகுதான் புதியதைத் தருவார். எங்கே வைத்து என்று கேட்டேன். உங்கள் வீட்டு வாசலிலேயே மேடம் என்றாள். சாமி வரம் கொடுத்தது, பூசாரி கூட்டு ரோட்டைத் தாண்டி வரமாட்டாரே என்று அவளிடம் எப்படிச் சொல்வது? போனை வைப்பதற்கு முன் குரலைத் தாழ்த்தி, உடம்பைப் பார்த்துக்கோங்கம்மா என்றாள். உடனே பழைய குரலுக்குப் போய், என் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டாள். ஐந்தும் கொடுத்தேன்.

பார்சல்காரரிடம் போனில் கெஞ்சினேன். நாற்பது வயது மனிதர், ஒரு கம்பெனி மூடியதில் வேலை போய் இந்த வண்டிக்கு வந்தவர். வீட்டுக்கு வாருங்கள், ஒரு தடவை மட்டும் என்றேன். ஆறு மணிக்கு மற்றதையெல்லாம் முடித்துவிட்டு வருகிறேன் அக்கா என்றார். ஆறிலிருந்து ஏழு வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழு மணிக்குப் போனில் செய்தி வந்தது, முகவரியில் ஆள் இல்லை என்று. ஆள் இல்லையா? நான் யார், கேட்டுத் தூணா? மறுநாள் கூட்டு ரோட்டில் பிடித்துக் கேட்டதற்கு, மழை, வண்டி ஏரிக்கரையில் வழுக்கிவிட்டது என்று முழங்கைச் சிராய்ப்பைக் காட்டினார். அதற்கு மேல் அவரை என்ன சொல்வது? ஆனால் இன்னொரு தடவைதான் வாய்ப்பு. அதுவும் தவறினால் எக்ஸ்சேஞ்ச் ரத்து. நிச்சயத்துக்கு ஐந்து நாள் இருந்தது.

பையில் பெட்டியை வைத்துக்கொண்டு நானே உரக்கடைக்குப் போனேன். வழியெல்லாம் அம்மனை வேண்டிக்கொண்டு போனேன், இன்றைக்கு மட்டும் பெஞ்சு காலியாக இருக்கட்டும் என்று. அம்மனுக்கும் ஆடி மாதம் வேலை அதிகம் போலிருக்கிறது. மூன்று பேரும் இருந்தார்கள். மாமா என்னைப் பார்த்ததும், நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்கிற முகத்தோடு போனை எடுத்து வீடியோவைப் போட்டுவிட்டார்.

பார்சல்காரர் பெட்டியைத் திறந்து பொருளை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. அவர் போன் ஒவ்வொன்றாகக் கேட்க, அவரும் சத்தமாகப் படித்துக்கொண்டே போனார். நிறம் சரியா, கிழிசல் உண்டா, முன்பக்கம் ஒரு போட்டோ, பின்பக்கம் ஒரு போட்டோ. திருப்பித் திருப்பி எடுத்தார். பெஞ்சில் பேச்சு ஆரம்பித்தது. முட்டிக்கு வைப்பது என்றார் ஒருவர். இல்லை, உட்காரும்போது மூலத்துக்கு வைப்பது, என் மச்சானிடம் இருக்கிறது என்றார் இன்னொருவர். தலைவர் எழுந்து வந்து, கொடு பார்க்கலாம் என்று கையை நீட்டினார். அந்தக் கை அதன் மேல் பட இருந்தது.

அப்போது எனக்கு எங்கிருந்தோ ஒரு வெறுப்பு வந்தது. பயம் போய்விட்டது. இவ்வளவு நாள் பிடித்திருந்த முந்தானையை விட்டுவிட்டேன்.

"அது மாரு. கர்ப்பப்பைனு சொன்னது பொய்யி. எனக்குப் புத்துநோயி வந்து ஒரு மாரை எடுத்துட்டாங்க. இது அதுக்குப் பதிலா வக்கறது. சோத்தாங்கைப் பக்கத்துக்கு அனுப்பிட்டானுங்க, பீச்சாங்கைப் பக்கத்துக்கு மாத்த வந்துகீறேன். இன்னா, எல்லாரும் பாத்துட்டீங்களா?"

தலைவரின் கை அப்படியே நின்றது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டு, மோட்டார் போட்டுவிட்டு வந்தேன், தண்ணி வரப்பை மீறிப் போகும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார். மற்ற இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள். பார்சல்காரர் பையிலிருந்து ஒரு புது பேப்பரை எடுத்து மேஜையில் விரித்து, பொருளை அதன் மேல் இரண்டு கையாலும் வைத்தார். கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார். போன் இன்னும் இரண்டு போட்டோ கேட்டது. அதை எடுத்துத்தானே ஆக வேண்டும், பாவம், முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டே எடுத்தார். புதுப் பெட்டியைப் பிரிக்காமல் என்னிடம் தள்ளி, நீங்களே பார்த்துக்கோங்க அக்கா என்றார். பார்த்தேன். இடது. ஆறு.

மாமா தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் அடிக்கத்தான் போனேன்.

"பாரும்மா, வீடியோவ அயிச்சிட்டேன். ஒண்ணும் இல்ல இதுல" என்றார். அன்றைக்கே காதோரம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். ஊருக்கே படம் காட்டுகிற இடத்தில் எந்தக் காதில் சொல்வது மாமா என்றேன். அவர் யூரியா மூட்டையைத் தேவையில்லாமல் நகர்த்தி வைத்தார். அன்றோடு பெண்கள் பெட்டியைப் பிரிக்கச் சொல்வதை விட்டுவிட்டார். மறுநாள் காலையில் என் செருப்பும் கழுவித் துடைத்து எங்கள் வாசலில் இருந்தது.

அந்த ராத்திரி மகளுக்குப் போன் போட்டு அழுதுவிட்டேன். ஊருக்குத் தெரிந்துபோயிற்று, ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, வாலாஜாபாத்துக்கு எட்ட எத்தனை நேரம் ஆகும், உன் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அவருக்கும் அவங்க அம்மாவுக்கும் தெரியும்மா. பேச ஆரம்பிச்ச மொத வாரமே சொல்லிட்டேன். இத மறைச்சி எப்படிம்மா கட்டிக்கினு போறது?"

"அப்போ நான் எதுக்குடி உரக்கடையில போயி நின்னேன்?" என்று கத்தினேன். வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல என்றாள். என்னிடம் சொல்லாமல் அவள் ஒன்று மறைக்க, அவளுக்காக நான் ஒன்று மறைக்க, இடையில் ஒரு சிலிக்கான் துண்டு தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. திட்டினேன். அப்புறம் சிரித்தேன். அதற்கப்புறம் ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை, பெற்றவளுக்கு இல்லாத தைரியம் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று.

நிச்சயத்தன்று தட்டை இரண்டு கையாலும் வாங்கினேன். குனிந்தேன், நிமிர்ந்தேன், மேலே இருந்த பூக்கூடையைக் கையை உயர்த்தி எடுத்தேன். ஒன்றும் ஏறவில்லை. சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து வெறுமனே ஒரு அழுத்து அழுத்தினார், அதோடு சரி. பெஞ்சு ஆட்களும் வந்து சாப்பிட்டார்கள். தலைவர் என்னிடம் பாயசம் நன்றாக இருந்தது என்று மூன்று தடவை சொன்னார். முடி புதிதாகக் கறுப்பாக இருந்தது. நான் சிரிக்கவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்தப் போன்காரர்கள் ஒரு தடவை பழகினால் விட மாட்டார்கள். நட்சத்திரம் கொடு என்றார்கள், பொருளை அணிந்து ஒரு போட்டோ போடு என்றார்கள். போடுவேன் நான்! எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி விட்டேன். போன வாரம் பள்ளிக்கூடத்தில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது மறுபடி ஒரு மணிச் சத்தம். அடுத்த மாதம் எனக்குச் செக்கப். வலது பக்கத்தையும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செய்தியோ என்று எடுத்துப் பார்த்தேன்.

நீங்கள் பார்த்த பொருள் மீண்டும் வந்துவிட்டது. வலது, அளவு ஆறு. கையிருப்பில் ஒன்று மட்டுமே. முந்துங்கள்.

நான் திருப்பிக் கொடுத்த அதே பொருள்தான். எனக்குத் தெரியும். ஊரெல்லாம் சுற்றி, எனக்காக எங்கோ ஒரு அலமாரியில் போய் உட்கார்ந்திருக்கிறது.

"எனக்கு வேணாம்" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சமையல்கார அம்மா திரும்பி, இன்னா டீச்சர் வேணாம் என்றார். போனில் யாரோ என்றேன்.

வலது கையில் கரண்டி இருந்தது. இடது கையை வலது பக்கம் வைத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். இருந்தது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றுவிட்டார்கள், சாம்பார் ஊற்றப் போனேன்.